எந்தக் கயிறு, எங்கே துளை, எப்படி முடிச்சு? ஏசிஎல் அறுவைச் சிகிச்சை முறைகள் ஓர் அறிமுகம்

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். மாத்திரை விவரத்துக்கு மேலே, பெரும்பாலும் யாரும் படிக்காத ஒரு வரி அதில் இருக்கும். தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: “வலது முழங்கால், ஏசிஎல் மறுகட்டமைப்பு, நான்கு மடிப்பு ஹாம்ஸ்ட்ரிங், 8.5 மி.மீ.; தொடை எலும்புத் துளை உட்புற வாசல் வழியாக; மேலே பொத்தான், கீழே திருகு; கூடுதலாக வெளிப்புறப் பட்டை.”

ஏசிஎல் என்பது முழங்காலுக்குள் இருக்கும் ஒரு நார்; அது அறுந்துபோனால், உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த கயிறு போன்ற திசுவை அந்த இடத்தில் பொருத்துவதுதான் மறுகட்டமைப்பு. இந்த ஒரு வரிக்குள் நான்கு தனித்தனி முடிவுகள் அடங்கியிருக்கின்றன. எந்தக் கயிறு, அதற்கான துளை எங்கே, எதைக்கொண்டு இறுக்குவது, அதற்கு மேல் ஒரு காவல் வேண்டுமா? “எந்த முறை நல்லது?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் முடிவை மட்டும் மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். யாரும் அவ்வளவாகக் கேட்காத இரண்டாவது முடிவில்தான் பல முழங்கால்களின் தலையெழுத்து இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த வரியை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் படிப்போம்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேச்சில் “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்கிறோம். முழங்காலில் ஜவ்வு என்று நாம் சொல்வது இரண்டு வேறு பொருள்களை: எலும்பை எலும்போடு கட்டும் நார் ஒன்று, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ் இன்னொன்று. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நாளிதழ்கள் எழுதும் “தசைநார்” என்ற சொல்லும் தெளிவானதல்ல; எலும்பை எலும்போடு கட்டுவதற்கும், தசையை எலும்போடு கட்டுவதற்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் முன்னதை நார் என்றும் பின்னதைத் தசைநாண் என்றும் எழுதுகிறேன். இந்த வேறுபாடு முக்கியம். ஒரு தசைநாணை எடுத்து நாரின் வேலையைச் செய்ய வைப்பதுதான் இந்த அறுவைச் சிகிச்சையே.

ஏசிஎல் என்பது முன் குறுக்கு நார். தொடை எலும்பின் அடிமுனையில், வெளிப்புறக் குமிழின் உட்சுவரில் தொடங்கி, சாய்வாக இறங்கி, கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் முன்பக்கமாகப் பதிகிறது. நீளம் 3 செ.மீ.க்குச் சற்று மேல்; பருமன் சுண்டு விரல் அளவு. கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமல் பிடிப்பதும், உடல் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டு விலகாமல் காப்பதும் இதன் பணி. உற்றுப் பார்த்தால் இது ஒற்றைக் கயிறு இல்லை. இரண்டு கற்றைகள் சேர்ந்தது. முழங்காலை மடக்கும்போது ஒன்று இறுகும், நீட்டும்போது மற்றது இறுகும். இளம் வயதினரின் ஏசிஎல் அறுவதற்கு ஆய்வகத்தில் சராசரியாக 2,160 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடை அளவுக்கு இழுவிசை தேவைப்பட்டது. இத்தனை வலுவானது, யாரும் மோதாமலே, ஓடிவந்து சட்டென்று திரும்பும் ஒரு நொடியில் “டப்” என்று அறுந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டதாகவே சொல்வார்கள்.

அறுந்தது தானாக ஒட்டாதா? முழங்காலின் உட்பக்க ஓரத்தில் இருக்கும் நார் அறுந்தால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அது மூட்டுக்கு வெளியே இருக்கிறது. காயத்தில் இரத்தம் உறைந்து, அந்த உறைவையே சாரமாகப் பிடித்துக்கொண்டு புதுத் திசு வளரும். ஏசிஎல் மூட்டுத் திரவத்துக்குள் இருக்கிறது. அந்தத் திரவம் இரத்த உறைவை நிற்க விடாமல் கரைத்துவிடுகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போட எதுவும் மிஞ்சுவதில்லை.

அப்படியானால் தைத்துவிடலாமே என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் வந்தது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குறுக்கு நார்களைத் தைத்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் தையலை விட்டுவிட்டு, தொடையின் வெளிப்புறப் பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து மூட்டுக்குள் செலுத்திப் புது நாராக்கினார். இன்றைய மறுகட்டமைப்பு அந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். தையல் முறை 1970களில் மீண்டும் தலைதூக்கி, சில ஆண்டுகளில் பலருக்கு மறுபடியும் அறுந்ததால் கைவிடப்பட்டது. இப்போது அது மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. மாட்டுக் கொலாஜன் என்ற புரதத்தில் செய்த ஒரு பஞ்சை நோயாளியின் இரத்தத்தில் ஊறவைத்து, அறுந்த முனைகளுக்கு நடுவே வைத்துத் தைக்கும் முறைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. பஞ்சுக்குள் இரத்தம் கரையாமல் தங்குகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த முழங்கால்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும்வரை நான் கைதட்ட மாட்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏசிஎல் அறுந்த எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை. 2010இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், சுறுசுறுப்பான இளைஞர்கள் 121 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே அறுவைச் சிகிச்சை. மற்ற பிரிவினருக்கு முதலில் பயிற்சி, பிறகு தேவைப்பட்டால் மட்டும் அறுவைச் சிகிச்சை. 2013இல் வெளியான ஐந்தாண்டு முடிவில், பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 30 பேர் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. நோயாளிகள் தங்கள் முழங்காலுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணில் இரு பிரிவுகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நேர்க்கோட்டில் நடந்து, நீந்தி, சைக்கிள் ஓட்டி வாழ்பவருக்கு நல்ல தொடைத் தசையே போதுமானதாக இருக்கலாம். திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குப் போயாக வேண்டியவர், படியில் இறங்கும்போதே முழங்கால் “கழன்றுகொள்கிறது” என்பவர், மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்தவர் ஆகியோரின் கதை வேறு.

கயிறு

காகிதத்தில் “நான்கு மடிப்பு ஹாம்ஸ்ட்ரிங்” என்று இருந்ததல்லவா? அது எப்படித் தயாராகிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உட்பக்கத்தில், 3 செ.மீ. அளவில் ஒரு கீறல். தொடையின் பின்புறத் தசைகளில் இரண்டின் நாண்கள் அங்கே வந்து எலும்பில் ஒட்டுகின்றன. நாணின் முனையை வளையம்போன்ற ஒரு கருவிக்குள் கோத்து, தொடை நெடுக மேலே தள்ளினால், தசையிலிருந்து பிரிந்து ஒரு சாணுக்கும் நீளமான வெள்ளை நாடா கையோடு வந்துவிடும். பிறகு காட்சி பக்கத்து மேசைக்கு மாறுகிறது. மருத்துவர் மூட்டுக்குள் வேலை செய்துகொண்டிருக்க, உதவியாளர் அந்த நாடாவில் ஒட்டியிருக்கும் செந்தசையைச் சுரண்டி எடுக்கிறார். இரண்டு நாண்களையும் மடித்து நான்கு இழையாக்குகிறார். முனைகளை நெருக்கமாகத் தைக்கிறார். வெவ்வேறு விட்டத்தில் துளைகள் கொண்ட அளவுக் கட்டையில் ஒவ்வொரு துளையாக நுழைத்துப் பார்க்கிறார். எந்தத் துளையில் இறுக்கமாக, ஆனால் சிக்காமல் வழுக்கிப் போகிறதோ அதுதான் கிராஃப்டின், அதாவது புது நாராகப் பொருத்தப்போகும் கயிற்றின், அளவு. 8.5 என்று காகிதத்தில் இருந்த எண் இப்படித்தான் வருகிறது. கடைசியாக அதை ஒரு பலகையில் இழுத்துக் கட்டி, வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் கரைசலில் நனைத்த துணியால் சுற்றி வைக்கிறார்கள். தோலில் வாழும் கிருமிகள் நாணோடு மூட்டுக்குள் போய்விடாமல் இருக்கப் பல மருத்துவர்கள் செய்யும் எளிய ஏற்பாடு இது.

அந்த எண்ணைக் கவனியுங்கள். ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் 8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், குறிப்பாக இளையவர்களிடம், மறுபடியும் அறுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. குள்ளமான, மெலிந்த உடலில் நாண்களும் மெலிந்தே இருக்கும். அப்படி வந்தால் நான்கு மடிப்பை ஐந்தாகவோ ஆறாகவோ ஆக்குவார்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நெடுநாள் போட்டியாளர், முட்டிச்சில்லுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே உள்ள நாண். அதன் நடுவில் 10 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை, மேலும் கீழும் ஒவ்வொரு எலும்புத் துண்டோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். இதன் பலமே அந்த எலும்புத் துண்டுகள்தான். துளைக்குள் எலும்பு எலும்போடு ஒட்ட ஏறக்குறைய ஆறு வாரம் போதும். வெறும் நாண் எலும்போடு ஒட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதனால் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு இதையே விரும்பும் மருத்துவர்கள் பலர். விலை என்ன? முட்டியிட்டால் வலி. சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அரிதாக முட்டிச்சில்லே உடைவதும் உண்டு. தரை ஓடு பதிப்பவர், குழாய் வேலை செய்பவர், முழங்காலிட்டுத் தொழுபவர் ஆகியோர் முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி இது. பலர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் சொல்கிறார்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்கிலும் கணக்கு உண்டு. முழங்காலை ஆழமாக மடக்கும் வலு கொஞ்சம் குறையும். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நரம்பு ஓடுவதால் முழங்காலின் முன்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போவது மிகச் சாதாரணம். ஒரு வியப்பும் உண்டு: எடுத்த நாண் பெரும்பாலானோருக்குப் பல்லி வாலைப் போல மறுபடி வளர்கிறது. முன்பிருந்த அதே இடத்தில், அதே வலுவோடு வருவதில்லை என்றாலும், வளர்கிறது.

மூன்றாவது தேர்வு, முட்டிச்சில்லுக்கு மேலே உள்ள குவாட்ரிசெப்ஸ் நாண், அதாவது தொடையின் முன்தசையின் நாண். நல்ல பருமன், முட்டியிடும்போது வலி குறைவு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேகமாகப் பரவியிருக்கிறது. ஆனால் தொடையின் முன்தசை தேறி வரத் தாமதமாகிறது. அந்தத் தசைதான் மறுவாழ்வுப் பயிற்சியின் உயிர்நாடி. கணுக்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் பெரோனியஸ் நாணை எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இறந்தவர் தானமளித்த நாணையும் பயன்படுத்தலாம். உங்கள் உடலில் வேறெங்கும் வெட்டு இல்லை, வலி குறைவு, அறுவை நேரமும் குறைவு. கேட்க இனிப்பாக இருக்கிறது. இருபது வயது விளையாட்டு வீரருக்கு மட்டும் அது வேண்டாம். இளையவர்களிடம் தான நாண் மறுபடியும் அறுவது சொந்த நாணைவிடச் சில மடங்கு அதிகம். கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்தால் இன்னும் பலவீனமாகும். நாற்பதைத் தாண்டி, ஓட்டம் ஆட்டம் குறைந்தவருக்கு அது நியாயமான தேர்வு. செயற்கை நார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: 1980களில் கார்பன் இழை, டாக்ரான், கோர்டெக்ஸ் என்று வரிசையாக வந்தன, தேய்ந்து, துகள் உதிர்ந்து, மூட்டை வீங்கவைத்துப் போயின.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் நான்கு மடிப்பு ஹாம்ஸ்ட்ரிங் 4,000 நியூட்டனுக்கும் மேல் தாங்குகிறது. முட்டிச்சில்லு நாண் 3,000 நியூட்டனை நெருங்குகிறது. இரண்டுமே இயற்கை நாரைவிட வலுவானவை. அப்படியிருந்தும் ஏன் மறுபடி அறுகின்றன? மேசையில் கிடக்கும் கயிற்றின் வலு ஒன்று, அது மூட்டுக்குள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது இன்னொன்று.

துளை

1980இல் டேவிட் டாண்டி ஆர்த்ராஸ்கோப் என்ற குழாய்க் கேமராவின் உதவியோடு இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்து காட்டிய பிறகு, மூட்டைத் திறக்காமல் சிறு வாசல்கள் வழியாகவே வேலை முடிந்தது. வசதிக்காக ஒரு குறுக்குவழியும் பிறந்தது. முதலில் கீழ்க்கால் எலும்பில் ஒரு துளை. அதே துளைக்குள் துரப்பணத்தை நேரே செலுத்தி மேலே தொடை எலும்பிலும் ஒரு துளை. ஒரே கோடு, விரைவான வேலை. சிக்கல் அந்தக் கோட்டில்தான் இருந்தது. கீழ்த் துளை காட்டிய திசையில்தான் மேல் துளை விழும். அது நார் இயற்கையில் தொடங்கும் இடத்துக்கு மேலே, கூரையை ஒட்டிப் போய்விடும். கிராஃப்ட் சாய்வாக நிற்காமல் செங்குத்தாக நிற்கும்.

ஒரு கூடாரக் கம்பத்தை நினைத்துப் பாருங்கள். கம்பத்தை ஒட்டி நேரே கீழே கட்டிய கயிறு காற்றில் கம்பம் திரும்புவதைத் தடுக்காது. விலக்கிச் சாய்வாகக் கட்டிய கயிறுதான் தடுக்கும். செங்குத்துக் கிராஃப்ட் உள்ளவரைப் படுக்கவைத்து மருத்துவர் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். மைதானத்தில் இறங்கித் திரும்பினால் நழுவும். “ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள், ஆனால் கால்மேல் நம்பிக்கை வரவில்லை” என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரங்களில் இந்தக் கோணம்தான் இருக்கிறது. தோற்றுப்போன கிராஃப்ட்களை மறுபடி திறந்து பார்க்கும் மருத்துவர்கள் குறித்துவைக்கும் தொழில்நுட்பப் பிழைகளில் முதலிடம் தொடை எலும்புத் துளையின் இடப்பிழைக்கே.

தீர்வாக வந்ததுதான் காகிதத்தில் கண்ட “உட்புற வாசல்”. முழங்காலை 120 பாகைக்கு மேல் மடக்கிவைத்து, முன் உட்பக்கச் சிறு கீறல் வழியாகவே தொடை எலும்பைத் துளைப்பார்கள். கீழ்த் துளைக்கு அடிமையாகாமல், பழைய நாரின் வேர் எஞ்சியிருக்கும் இடத்திலேயே துளை போடலாம். ஆனால் கைப்பழக்கம் வேண்டும். துளை நீளம் குறைந்துபோகலாம், எலும்பின் பின்சுவர் உடையலாம், துரப்பணம் எதிர்ப்பக்கக் குருத்தெலும்பைச் சீவிவிடலாம். சிலர் தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே துளைக்கிறார்கள். “முழுதும் உள்ளே” என்ற இன்னொரு முறையில், எலும்பின் மறுபக்கம்வரை அகலமாகக் குடையாமல், இரண்டு எலும்பிலும் மூட்டுப் பக்கமிருந்து குழி மட்டும் எடுப்பார்கள். எலும்பு மிச்சமாகும், பெரும்பாலும் ஒரே நாணே போதும். இந்த வாசல்களில் எதன் வழியாகப் போனாலும், போய்ச் சேரும் இடம் சரியாக இருந்தால் எனக்குச் சம்மதமே.

இயற்கை நாரில் இரண்டு கற்றைகள் இருக்கும்போது நாம் ஏன் ஒன்றை மட்டும் கட்டுகிறோம் என்று கேட்டவர்களில் முக்கியமானவர் பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரெடி ஃபூ. ஜப்பானிலும் இதே சிந்தனை வலுவாக இருந்தது. இரட்டைக் கற்றை முறையில் இரண்டு கிராஃப்ட், நான்கு துளை. கருவிகொண்டு அளந்தால் முழங்கால் கொஞ்சம் கூடுதல் உறுதியாக இருக்கிறது. ஆனால் நோயாளியின் அன்றாட உணர்வில் அந்த வித்தியாசம் தெளிவாக வெளிப்படவில்லை. வேலை கடினம், பின்னால் மறு அறுவை தேவைப்பட்டால் எலும்பில் இடம் போதாது. இன்று பெரும்பாலான இடங்களில் ஒற்றைக் கற்றையே நடக்கிறது. இரட்டைக் கற்றை தோற்றுவிட்டது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்: இயற்கை நார் எங்கே, எந்த அகலத்தில் பதிந்திருக்கிறது என்று எல்லோரையும் உற்றுப் பார்க்க வைத்தது அந்த விவாதம்தான். இன்றைய ஒற்றைக் கற்றைத் துளை சரியான இடத்தில் விழுவதில் அதற்கும் பங்கு உண்டு.

முடிச்சும் காவலும்

“மேலே பொத்தான், கீழே திருகு” என்பதை விரைவாகக் கடந்துவிடலாம். பொத்தான் என்பது டைட்டானியத்தில் செய்த சின்னத் தகடு. சட்டைப் பொத்தானைக் காஜாவில் சாய்த்து நுழைத்து மறுபக்கம் படுக்கவைப்பது போலவே, எலும்புத் துளை வழியே செங்குத்தாக இழுத்து, வெளிப்பக்கம் வந்ததும் குறுக்கே புரட்டிவிடுவார்கள். கிராஃப்ட் அதில் தொங்கும். திருகு, கிராஃப்டைத் துளைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கும். டைட்டானியத்திலும் உண்டு, உடலிலேயே கரையும் பொருளிலும் உண்டு. தொங்கும் கிராஃப்ட் முதல் வாரங்களில் துளைக்குள் கொஞ்சம் ஆடுவதால் துளை அகலமாகலாம். திருகு நாணின் இழைகளைக் கடித்துவிடலாம். இரண்டும் தற்காலிகக் காவலாளிகள்தாம். எலும்பு பிடித்துக்கொண்ட பிறகு இரண்டுக்கும் வேலை இல்லை.

கடைசித் துண்டு, “வெளிப்புறப் பட்டை”. 1879இலேயே பாரிஸின் பால் செகோந்து முழங்காலின் வெளிப்பக்கத்தில் முத்துபோல் மின்னும் ஒரு நார்ப்பட்டையைக் குறிப்பிட்டிருந்தார். 2013இல் பெல்ஜியத்தில் அதை விரிவாக விவரித்தபோது “மனித உடலில் புதிய உறுப்பு” என்று செய்தித் தலைப்புகள் வந்தன. 134 ஆண்டு பழைய புதுமை! எதுவாயினும், முறுக்கத்தைத் தடுப்பதில் வெளிப்பக்கத்துக்கும் பங்கு உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. தொடையின் வெளிப்புறப் பட்டையிலிருந்து 1 செ.மீ. அகலக் கீற்றைப் பிரித்து, பக்க நாரின் அடியில் நுழைத்து, தொடை எலும்பில் பொருத்துவார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கிராஃப்ட் மறுபடி அறும் அபாயம் அதிகமுள்ள இளையவர்கள் 618 பேருக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் வைத்து, பாதிப் பேருக்கு இந்தப் பட்டையையும் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கிராஃப்ட் அறுந்தவர்கள் பட்டை இல்லாத பிரிவில் 11 விழுக்காடு, பட்டையோடு 4 விழுக்காடு. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான எண் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் அது அபாயம் மிகுந்த இளையவர்களின் எண். நாற்பது வயது நடைப்பயிற்சிக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

காகிதத்தின் வரி இங்கே முடிகிறது. அதில் எழுதப்படாத ஒன்று மிச்சமிருக்கிறது. உடலுக்குள் வைத்த நாண் முதலில் சாகிறது. அதன் செல்கள் மடிந்து, வெறும் இழைக் கூடாகி, பிறகு புது இரத்தக்குழாய்கள் நுழைந்து, மெல்ல மெல்ல நாராக மாறுகிறது. ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்களுக்கு இடையே அது மிகப் பலவீனமாக இருக்கும். அதே வாரங்களில்தான் வலி போய், வீக்கம் வடிந்து, ஊன்றுகோலை மூலையில் போட்டுவிட்டு “நான் சரியாகிவிட்டேன்” என்று தோன்றும். எந்தக் கயிறு, எந்தத் துளை, எந்தத் திருகு என்றாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆகவே ஒன்பதாம் மாதத்தில் பிசியோதெரபிஸ்ட் நாட்காட்டியை மட்டும் பார்ப்பதில்லை. ஒற்றைக் காலில் தாவச் சொல்லித் தூரத்தை அளக்கிறார், தொடைத் தசையின் வலுவை அளக்கிறார், இரண்டிலும் மற்றக் காலின் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். எட்டவில்லை என்றால் மறுபடியும் பயிற்சிக்கே அனுப்புகிறார்.